ஒன்றரை ஷிப்டும் ஒரு தேங்காய் பன்னும்

கோவைக்காரர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது குன்னூர் மலை. அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் 1918-ஆம் ஆண்டு ஒற்றை அறையில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடுவதுதான் அதன் வேலை. தலைமை வகித்தவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு, எந்த எலி திடமாக வளர்கிறது, எது நோஞ்சானாகிறது என்று எடை பார்த்தார் அவர். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய் என்றிருந்த சீக்கியர் சாப்பாட்டுக்கு முதலிடம். அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டுக்குக் கடைசி இடம்.

அதைவிடச் சுவையானது அவருடைய இன்னொரு சோதனை. இங்கிலாந்தின் ஏழை வீடுகளில் அன்று புழங்கிய வெள்ளை ரொட்டி, மார்கரின், இனிப்பு டீ, வேகவைத்த முட்டைக்கோஸ், டின்னில் அடைத்த இறைச்சி, ஜாம் ஆகியவற்றை ஒரு கூட்டம் எலிகளுக்குக் கொடுத்தார். வளர்ச்சி குன்றியதோடு விஷயம் முடியவில்லை. எலிகள் சிடுசிடுத்தன. தீனி வைக்க வந்தவர்களைக் கடித்தன. 60-ஆம் நாள் வாக்கில் தங்களுக்குள் பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. சீக்கியர் சாப்பாடு கிடைத்த எலிகளோ ஒரே கூண்டில் சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்தன.

எலியை வைத்து மனிதனைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் ‘சாப்பாடு குணத்தை மாற்றுமா?’ என்ற கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று கொங்கு நாட்டின் வாசலிலேயே நடந்திருக்கிறது. அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அது கிளப்பிய கேள்வி இங்கேயே தங்கிவிட்டது. இன்றைக்குத் திருப்பூரில் ராத்திரி வேலைக்குப் போகிறவர் சாப்பிடும் மைதா பன்னையும் வனஸ்பதி பப்ஸையும் சர்க்கரை டீயையும் பார்த்தால், அந்த எலிக்கூண்டின் பட்டியல் ஞாபகத்துக்கு வராமல் போகாது.

மெக்காரிசனுக்குப் பிறகு ஆராய்ச்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? மேடைப் பேச்சுகளை நம்பினால், ஒரு கிண்ணம் தினைப் பொங்கலில் மனச்சோர்வு ஓடிவிடும். ஆய்வேடுகள் அவ்வளவு தடாலடியாகப் பேசுவதில்லை.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது 2017-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு. டீக்கின் பல்கலைக்கழகத்தின் ஃபெலிஸ் ஜாக்கா குழு, மனச்சோர்வால் பாதிக்கப்பட்ட 67 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு உணவியல் நிபுணர் 12 வாரம் சாப்பாட்டைச் சீர்படுத்திக் கொடுத்தார். காய்கறி, பழம், முழுத் தானியம், பருப்பு, மீன், கொட்டை வகைகள் கூடின. இனிப்பும் பொரித்ததும் பாக்கெட் தின்பண்டமும் குறைந்தன. மறு பிரிவினருக்கு அதே அளவு நேரம் பேச்சுத்துணை மட்டும். முடிவில் முதல் பிரிவில் 32 சதவீதம் பேர் மனச்சோர்வின் வரையறையைத் தாண்டி வெளியே வந்திருந்தார்கள். இரண்டாவது பிரிவில் 8 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் 67 பேர் என்பது சின்னக் கூட்டம். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ மனநல ஆலோசனையோ பெற்று வந்தவர்கள். தவிர, மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம், சாப்பாட்டில் அப்படி முடியாது. யாருக்கு எது கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கச் சாட்சியும் இருக்கிறது. 2019-இல் நான்கு ஐரோப்பிய நாடுகளில் 1,025 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், சத்து மாத்திரைகள் மனச்சோர்வைத் தடுக்கவில்லை. 2020-இல் அமெரிக்காவில் 18,000-க்கு மேற்பட்ட நடுத்தர வயதினருக்கும் முதியோருக்கும் ஆண்டுக்கணக்கில் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் பலன் இல்லை. மருந்துக்கடையில் ‘மூடுக்கு நல்லது’ என்று விற்கும் டப்பாவை வாங்குமுன் இந்த இரண்டையும் நினைத்துக்கொண்டால் பணம் மிச்சம்.

இன்னொரு சிக்கல், எது முந்தி எது பிந்தி என்பது. மனசு சோர்ந்தவருக்கு அடுப்படிக்குப் போகவே தோன்றாது. பிஸ்கட்டைப் பிரித்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். பிஸ்கட்டால் சோர்வா, சோர்வால் பிஸ்கட்டா? பிஎம்ஜே இதழ் 2024-இல் ஏறத்தாழ ஒரு கோடிப் பேரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, மிகையாகப் பதப்படுத்திய உணவை அதிகம் உண்பவர்களிடம் மனப்பதற்றம் 48 சதவீதம் கூடுதல் என்று சொன்னது. மிரட்டும் எண்தான். ஆனால் அதில் வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை மக்களைக் கவனித்துக் குறித்தவை. சோதித்துப் பார்த்தவை அல்ல.

குடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பிலுள்ள செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தி ஆகிறது என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றாத நாள் இல்லை. தகவல் சரி. குடலில் உண்டாகும் செரடோனின் மூளைக்குள் நுழைய முடியாது என்பதை மட்டும் அந்தத் தகவல் சொல்வதில்லை. குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு வேகஸ் நரம்பு, நோய் எதிர்ப்பு மண்டலம், நுண்ணுயிரிகள் நார்ச்சத்தைச் சிதைத்து உண்டாக்கும் அமிலங்கள் என்று வேறு வழிகளில் போகிறது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் 2004-இல், குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகள் நெருக்கடியின்போது அளவுக்கு மீறிப் பதறின. குறிப்பிட்ட பாக்டீரியாவைக் குடலில் சேர்த்ததும் அந்தப் பதற்றம் தணிந்தது. கம்பங்கூழும் பழைய சோறும் நொதித்த உணவுகள், நல்லவை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளுக்காக ஆராய முன்வந்தது பாராட்டத்தக்கது. ஆனால் அது குடல் நோய்க்கான ஆராய்ச்சி. பழைய சோறு மனநோயைத் தீர்க்கும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் சில இடங்களில் சாட்சி அழுத்தமாகவே நிற்கிறது. சத்துக் குறைபாடு ஓர் இடம். சாப்பிடும் நேரம் குலைவது இன்னோர் இடம். சாப்பாட்டுக்கே பணம் போதாமை மூன்றாவது. இந்த மூன்றும் கொங்கு நாட்டில் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்ப்பதுதான், எந்தத் தானியம் உசத்தி என்று வாதாடுவதைவிடப் பயனுள்ளது.

அந்த மூன்றுக்கும் முன் பழைய தட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மேட்டாங்காடு கொங்கு நாடு. கிணற்றுத் தண்ணீர் எட்டிய அளவுக்குத்தான் வெள்ளாமை. அதனால் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி, தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைந்தது, குடிக்க மோர், கடிக்கச் சின்ன வெங்காயம். நெல்லுச்சோறு நோம்பிக்குத்தான். இட்லியும் தோசையும் விருந்தாளி வந்தால் செய்யும் பலகாரம். 1923-இல் கோவையில் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும், ஜி.என். ரங்கசாமி அய்யங்கார் அங்கே சோளத்தையும் கம்பையும் பற்றி உலகம் திரும்பிப் பார்க்கும்படி எழுதியதும் இந்த மண்ணின் சாப்பாட்டுக்குப் பொருத்தமான காரியங்கள்.

நார்ச்சத்தும் பருப்பும் கீரையும் சேர்ந்த இந்தச் சாப்பாடு, ஜாக்காவின் குழு கொடுத்த சாப்பாட்டுக்கு மீன், ஆலிவ் எண்ணெய் நீங்கலாக நெருக்கமானது என்று சொல்லலாம். ஆலிவ் எண்ணெய் வாங்க யாரும் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

அதற்காக அந்தக் காலத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். சோளச்சோற்றை மட்டுமே நம்பி வாழ்ந்த தக்காணத்து ஏழைகளிடம் பெல்லாக்ரா நோய் பரவியிருந்தது. தோல் கருகி வெடிக்கும், வயிறு கழியும், கூடவே மனமும் கெடும். மனச்சோர்வில் தொடங்கிப் புத்தி பேதலிப்பு வரை போகும். நியாசின் என்ற பி வைட்டமின் குறைவதால் வருவது இது. மக்காச்சோளத்தை நம்பிய அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனநலக் காப்பகங்களில் அடைபட்டவர்களில் பலர் உண்மையில் பெல்லாக்ரா நோயாளிகள். நம் நாட்டில் சோளத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1960-இல் லான்செட் இதழில் எழுதியவர் சி. கோபாலன். குன்னூர் ஆய்வுக்கூடத்தின் வாரிசாக வந்தவர், பிறந்த ஊர் சேலம். சோளத்தின் புரதத்தில் லூசின் மிகுந்திருப்பதே காரணம் என்ற அவருடைய விளக்கம் பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானது. ஒரே தானியத்தை நம்பினால் மனசுக்கும் கேடு என்பதில் விவாதம் இல்லை. சோளச்சோற்றோடு மோரும் பருப்பும் நிலக்கடலையும் சேர்ந்த வீட்டுக்கு அந்த ஆபத்து குறைவு. வெறும் சோளம் மட்டும் கிடைத்த பண்ணையாள் வீட்டின் கதை வேறாக இருந்திருக்கும். பாட்டி கால உணவைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாருடைய பாட்டி என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

2008-இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வந்தது. 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. பசி தீர்ந்தது, அது சின்ன விஷயம் இல்லை. மறுபக்கம், தட்டு வெள்ளையாகிவிட்டது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது 2025-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று அதே ஆய்வின் 2023 அறிக்கை சொன்னது. சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உலகெங்கும் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

இனி, சாப்பிடும் நேரம் குலையும் திருப்பூர் பனியன் கம்பெனிகள். காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் ஒரு ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடிகிறது. ஆர்டர் நெருக்கினால் இன்னும் அரை ஷிப்ட் சேர்ந்து ஒன்றரை ஷிப்ட், ராத்திரி ஒன்பது வரை. சரக்கு கப்பலேறும் தேதி நெருங்கிவிட்டால் நள்ளிரவு தாண்டியும் ஓடும். பவர் டேபிளில் தைக்க உட்கார்ந்தவருக்கும், செக்கிங்கில் நிற்பவருக்கும், அயர்ன் போடுகிறவருக்கும் ஒரே கதி. மதியம் தூக்குப்போசியில் வந்த சோறு ஒரு மணிக்கு முடிந்துவிடும். அடுத்த முழுச் சாப்பாடு வீட்டுக்குப் போய்த்தான், பத்தோ பதினொன்றோ. நடுவில் உள்ள ஒன்பது மணி நேரத்தை நிரப்புவது பேக்கரி.

கொங்கு நாட்டு பேக்கரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முக்குக்கு ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெஜ் பப்ஸ், முட்டை பப்ஸ், தேங்காய் பன், ஜாம் தடவிய கேக் துண்டு. பக்கத்தில் பாய்லரில் கொதிக்கும் டீ. ஆறு மணிக்குக் கம்பெனி வாசலில் இறங்கும் கூட்டம் நின்றபடியே பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த கையால் போனைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் உள்ளே திரும்பிவிடும். தள்ளுவண்டியில் காளான் கிடைத்தால் அன்றைக்கு விருந்து. காளான் என்பது பெயர்தான். உள்ளே முட்டைக்கோஸே அதிகம், மேலே கார்ன்ஃப்ளேக்ஸ்.

சாதாரண டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம். நாளைக்கு ஐந்து டீ என்றால் 50. பன்னும் கேக்கும் தனி. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி. லண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், இனிப்புகளிலிருந்தும் பானங்களிலிருந்தும் நாளைக்கு 67 கிராமுக்கு மேல் சர்க்கரை எடுத்த ஆண்களுக்கு ஐந்தாண்டுக்குப் பிறகு மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியிருந்தது. ‘சோர்வால்தான் இனிப்பைத் தேடினார்களோ’ என்ற சந்தேகத்தையும் அந்த ஆய்வு சோதித்தது. அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

சர்க்கரையைவிடப் பெரிய சங்கதி நேரம். பாஸ்டனின் பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் நடந்து 2022-இல் வெளியான சோதனையைத் திருப்பூர், கோவை மில் முதலாளிகள் படிக்க வேண்டும். 19 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, முழு நைட் ஷிப்ட் போன்ற வாழ்க்கையை வாழச் செய்தார்கள். ஒரு பிரிவினர் ராத்திரியும் பகலும் சாப்பிட்டார்கள். மறு பிரிவினர் வேலை ராத்திரியில் என்றாலும் பகலில் மட்டும் சாப்பிட்டார்கள். ராத்திரி சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வு போன்ற மனநிலை 26 சதவீதமும் பதற்றம் 16 சதவீதமும் கூடின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களிடம் மாற்றம் இல்லை. மூளையின் கடிகாரம் ‘ராத்திரி’ என்கிறபோது கல்லீரலுக்கும் கணையத்துக்கும் சோறு போய் ‘பகல்’ என்று சொன்னால், இரண்டும் ஒத்துப்போகாமல் மனசு தடுமாறுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 19 பேர்தான், ஆய்வுக்கூடம்தான். ஆனாலும் செலவில்லாமல் செய்து பார்க்கக்கூடிய பாடம் அதில் இருக்கிறது. முழு நைட் போகிறவர் கிளம்புமுன் மாலையிலேயே வயிறாரச் சாப்பிடட்டும். நடுச்சாமத்துப் பரோட்டாவைத் தவிர்க்கட்டும். பசித்தால் ஒரு டம்ளர் மோர், ஒரு கைப்பிடி கடலை போதும்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களின் நிலை இன்னும் கஷ்டம். ஒரே ஸ்டவ், மாறி மாறி ஷிப்ட். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். 2025-ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை, பிறரோடு சேர்ந்து சாப்பிடும் வழக்கத்துக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாகச் சொல்கிறது. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுகள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகின்றன.

சத்துக் குறைபாட்டுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் மிகத் தெளிவான சாட்சி இதற்குத்தான் உண்டு; அதுவும் தமிழ்நாட்டிலிருந்தே. 1962-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் லான்செட் இதழில் சில கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தைகள் சிரிக்கவில்லை, பொம்மையைப் பார்க்கவில்லை. உட்காரக் கற்றதையும் மறந்து, எதிலும் நாட்டமில்லாமல் கிடந்தன. கை கால் தானாக ஆடியது, தோலில் கருமை படர்ந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்து வளர்ந்த குழந்தைகள். தாய்மார்களிடமே பி12 வைட்டமின் இல்லை. பி12 கொடுத்ததும் முகத்தில் உயிர் வந்தது. சாப்பாட்டில் உள்ள ஒரு பொருள் இல்லாமல் போவதால் மனசு அணைந்துபோகவும், அது திரும்பக் கிடைத்ததும் எழுந்துகொள்ளவும் முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைப்பது அரிது.

பி12 தாவரங்களில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி ஆகியவற்றில்தான் உண்டு. கொங்கில் சைவம் மட்டும் உண்ணும் வீடுகள் கணிசம். காபியில் விழும் பாலும் இரண்டு கரண்டி மோரும் எல்லோருக்கும் போதுவதில்லை. இதோடு மருந்துகள் சேரும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. சர்க்கரை நோய்க்கு அன்றாடம் விழுங்கும் மெட்ஃபார்மின் நாளடைவில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ‘கேஸ் மாத்திரை’ என்று வெறும் வயிற்றில் ஆண்டுக்கணக்கில் போடும் பான்டோபிரசோல் வகையும் அப்படியே. வயதானால் வயிற்றின் அமிலச் சுரப்பே குறைகிறது.

மகன் பெங்களூரிலோ டெக்ஸாஸிலோ இருக்க, தோட்டத்துச் சாளையில் இருவராகத் தங்கிவிட்ட முதியவர்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு பேருக்கு எதற்குக் குழம்பு என்று ரசத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ராத்திரிக்கு வர்க்கியும் டீயும். ‘அப்பனுக்கு மறதி வந்துருச்சு’, ‘எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாங்க’, ‘பேசாம உட்கார்ந்தே இருக்காங்க’ என்று போனில் செய்தி போகும். வயசாகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அந்த மறதியிலும் சோர்விலும் ஒரு பங்கு, சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகக்கூடிய பி12 குறைவாக இருக்கலாம். எல்லா மறதியும் அப்படி இல்லை. பரிசோதிக்காமல் தெரியாது என்பதுதான் பேச்சு. மெட்ஃபார்மின் சாப்பிடும் அறுபது வயதுக்காரருக்கு இந்தச் சோதனையை எழுதிக்கொடுக்க மறக்கும் மருத்துவரிடம் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

இரும்புச் சத்தும் இதே வரிசைதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. களைப்பு, கவனம் சிதறல், காரணமில்லாத சிடுசிடுப்பு ஆகியவற்றை வீட்டில் ‘அவ குணமே அப்படி’ என்று சொல்லிவிடுகிறார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கமும், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கமும் அந்தக் குணத்தில் பங்குதாரர்கள். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். கொள்ளுப் பருப்போடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு கூடுதலாக ஒட்டும்.

நாமக்கல்லில் இன்னொரு வேடிக்கை. நாட்டின் முட்டை விலையைத் தீர்மானிக்கும் ஊர்களில் ஒன்று அது. ஒரு முட்டையில் பெரியவரின் நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத பி12 இருக்கிறது. மூளைக்குத் தேவையான கோலினும் உண்டு. சத்துணவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை போகிறது. அதே மாவட்டம்தான் உறைவிடப் பள்ளிகளுக்கும் பேர்போனது. விமர்சகர்கள் அவற்றுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்றே பட்டப்பெயர் சூட்டினார்கள். விடியுமுன் எழுந்து ராத்திரி வரை படிக்கும் பிள்ளை பதினைந்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு ஓடும் சாப்பாட்டில் எத்தனை முட்டை இருந்தென்ன?

குழந்தைகள் விஷயத்தில் அரசு செய்த காரியத்தை மனம்விட்டுப் பாராட்ட வேண்டும். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு மதியப் பசியைத் தீர்த்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போன முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் காலைப் பசியைத் தீர்த்தது. விடியுமுன் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ கிளம்பும் தாய்க்கு அந்தக் கிச்சடியும் சாம்பாரும் எவ்வளவு பெரிய நிம்மதி! பசி மனசை என்ன செய்யும் என்பதைப் பார்க்க 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்திருந்தார். உடம்பு மெலிய மெலிய நட்பும் சிரிப்பும் போயின. சிடுசிடுப்பும் சோர்வும் வந்தன. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

பணத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. சென்னையில் 25,455 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் மொத்தத்தில் 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. வருமானம் குறைந்தவர்களிடம் 19.3, வசதியானவர்களிடம் 5.9. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு பிரியாணி சாப்பிட்டு, வியாழக்கிழமை கடன் கேட்கும் வீட்டில் காய்கறிதான் முதலில் குறையும். ஆண்களின் டாஸ்மாக் செலவும் அந்தச் சம்பளத்திலிருந்தே போகிறது. குடித்த நேரத்துக்கு இதமாகத் தோன்றினாலும் மது தூக்கத்தையும் மனநிலையையும் கீழே இறக்கும் பொருள். கீரையும் முட்டையும் வாங்கப் பணம் இல்லாத வீட்டுக்குச் சாமைச் சோற்றின் பெருமையைப் பாடுவது நியாயமாகாது. சாமை, தினையின் விலை இன்று ரேஷன் அரிசியை வைத்துப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும்.

மனநல மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். உணவை மாற்றியாயிற்று என்று மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. லித்தியம் எடுப்பவர்கள் திடீரென உப்பைக் குறைப்பதோ, தண்ணீர் கூடக் குடிக்காமல் விரதம் இருப்பதோ ஆபத்து. ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். தேசிய மனநல ஆய்வு 2015–16-இல் நாட்டில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் மனநலக் கோளாறு என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றும் கண்டது. மருத்துவரிடம் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

ஆக, கொங்கு நாட்டில் சாப்பாட்டால் மனநலத்தைக் காக்க வேண்டுமென்றால் அதைத் தனிமனிதரின் நாக்கிலும் மனவுறுதியிலும் மட்டும் விட்டுவிட முடியாது. ஷிப்ட் நேரத்தை நிர்ணயிப்பவர் தொழிலாளி அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் கேன்டீனைக் கட்டாயமாக்க வழி செய்தது. 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. திருப்பூரின் பவர் டேபிள் பட்டறைகளில் பல இந்த எண்ணிக்கைக்கும் கீழே, இருபது முப்பது பேரோடு ஓடுகின்றன. கேன்டீன் விதி அவற்றைத் தொடாது. அங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரு பொது அடுப்படி வைத்து, அரை ஷிப்ட் தொடங்குமுன் மாலை ஆறு மணிக்குச் சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை என்று சூடாகப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம் கொடுக்கலாம். கேன்டீன் வைக்கக் கடமைப்பட்ட பெரிய கம்பெனிகள் மாலைச் சாப்பாட்டையும் அதில் சேர்க்கலாம். தொழில் அமைப்புகள் இதைக் கையில் எடுக்கட்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் கூலியோடு இதையும் கேட்கட்டும்.